அநாதை என்று எழுதப்பட இருந்த புத்தகம்

1

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் நூலகத்தில் கேக் வெட்டினோம். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் எங்கள் பிரிவு தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. வெளியே முழங்கால் வரைக்கும் பனி. உள்ளே எட்டுப் பேர், காகிதத் தட்டுகள், சர்க்கரை தூக்கலான ஒரு கேக். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு, பதிப்புரிமை விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் எங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். என் முறை வந்ததும், "இவர் சுகந்தி. நம் படிவத்தின் கடைசிக் கேள்வி இவரால் வந்தது" என்றார்.

அந்தக் கேள்வி இதுதான்: நூலாசிரியர் உயிருடன் இருந்தால், நூலில் எதையாவது மாற்றிச் சொல்ல விரும்புகிறாரா?

அது எப்படி வந்தது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வரி சொன்னேன். அவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்கள். நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை அது. தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் முழுசாகப் புரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நான் கனடாவில் வினிபெக் நகரத்துக்கு வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. காலை ஏழே முக்காலுக்குப் பேருந்து. நூலகத்தின் அடித்தளத்தில் என் மேசை. மேலே இரண்டு கேமராக்கள், கீழே புத்தகத்தைப் பாதி விரித்த நிலையில் தாங்கிக்கொள்ள ஒரு பலகை. பக்கத்தைத் திருப்பு, மிதியை அழுத்து, படம். மறுபடி திருப்பு. பகல் முழுவதும் இதுதான். பிடித்த வேலை.

சேர்ந்த புதிதில் மார்கரெட் சில புத்தகங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைப்பார். அவர் வாயால் அதைச் சொல்லும்போது எனக்கு 'ஆஃபன்' என்று காதில் விழுந்தது. அடிக்கடி என்று அர்த்தம். நிறையப் பேர் அடிக்கடி கேட்கிற புத்தகங்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றை முதலில் முடித்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மார்கரெட் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுகந்தி, அது ஆஃபன் இல்லை. ஆர்ஃபன். அநாதை. எழுதியவர் யார், இருக்கிறாரா, வாரிசு யார் என்று எதுவுமே தெரியாத புத்தகங்கள். பதிப்புரிமை இன்னும் முடிந்திருக்காது. அனுமதி கேட்க ஆளும் இருக்காது. அதனால் திறந்து வைக்கவும் முடியாது."

அப்படியானால் ஏன் ஸ்கேன் செய்கிறோம் என்று கேட்டேன். காகிதம் உதிர்ந்து போவதற்குள் படமாவது இருக்கட்டும் என்றார். உண்மையாகத் தேடியும் ஒருவரும் கிடைக்கவில்லை என்று காட்டினால், அதற்கென்று இருக்கும் அரசு வாரியம் அனுமதி தரும். அதுவரைக்கும் அந்தப் புத்தகம் கணினிக்குள் பூட்டிக் கிடக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம் ஒரு பெட்டி வந்தது. யாரோ ஒரு பேராசிரியர் முன்னொரு காலத்தில் சென்னை நடைபாதைக் கடைகளில் அள்ளிக்கொண்டு வந்த சின்னச் சின்னத் தமிழ்ப் புத்தகங்கள். அவற்றின் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருந்தது. அட்டையில், காலை நீட்டி அதில் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் பெண் படம். பெயர் 'புள்ள வளக்க சொல்றேன் கேளு'. எழுதியவர் செவிலி வை. தனபாக்கியம். அச்சிட்ட இடம் ராயபுரம்.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். "இன்னாமா, பயந்துகினு கீறியா? மொதப் புள்ளன்னா அப்டித்தான். குந்து மொதல்ல."

அடித்தளத்தில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். சினிமாவில் எங்கள் சென்னைப் பேச்சை அடியாளுக்கும் சிரிப்பு நடிகருக்கும்தான் கொடுப்பார்கள். அச்சுப் புத்தகத்தில், ஒரு நர்ஸ், பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் புத்தி சொல்கிற மொழியாக அதை நான் பார்த்ததே இல்லை. தொப்புள் கொடியை எப்படிச் சுத்தமாக வைப்பது, காய்ச்சல் வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், புருஷனை எப்படி உதவிக்குக் கூப்பிடுவது என்று நாற்பத்தெட்டுப் பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில், "வயித்தால போனா, வயித்துக்கு ஒரு நாள் லீவு வுடு" என்று இருந்தது. வயிற்றுக்கு லீவா என்று அதற்கும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அன்றைக்கே மார்கரெட்டிடம் போய், இதை எப்படியாவது திறக்கவேண்டும் என்றேன்.

3

தேடுவது என்றால் இங்கே அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் கடிதம் ராயபுரம் அச்சகத்துக்குப் போனது. சென்னைத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று என்று மார்கரெட்டுக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. "இரண்டில் எது உண்மையானது?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். இரண்டுக்கும் ஒவ்வொரு கடிதம் போட்டோம். மூன்று மாதம் கழித்து, 'அப்படி ஒருவர் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டும் திரும்பின. சுகாதார அலுவலகம் ஒன்றுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. செய்தித்தாளில் சின்னதாக ஓர் அறிவிப்புக் கொடுத்தோம். அதற்கும் ஒருவரும் வரவில்லை.

"போதும். சட்டப்படி நாம் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம். அநாதை நூல் என்று எழுதி வாரியத்துக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றார் மார்கரெட்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மாதம் நான் ஊருக்குப் போவதாக இருந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு, மகள் நிலாவுடன். நம்ம ஏரியாவில் ஒரு நர்ஸைப் பற்றி விசாரிக்க எனக்கு முத்திரைக் கடிதம் எதற்கு? நான் திரும்பி வரும்வரை பொறுக்கச் சொன்னேன். மாதக் கடைசி வரைக்கும்தான் என்றார்.

4

தண்டையார்பேட்டையில் வசந்தா அக்கா வீட்டில் தங்கினோம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா கன்டெய்னர் யார்டில் வேலை. விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில், வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் என் நாக்கு தானாக மாறிவிட்டது. ஆட்டோக்காரரிடம் நான் பேசியதைக் கேட்டு நிலா என்னை வேற்றாள் போலப் பார்த்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற தமிழ்தான் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவைப் பார்த்து, "பெரியம்மா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். நிலாவின் முகம் சுருங்கிப் போனது. அதற்கப்புறம் இரண்டு நாள் ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அக்காவிடம் புத்தகத்தின் நகலைக் காட்டினேன். அட்டையைப் பார்த்ததும் மீன் ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அட, இத்து நம்ம வூட்ல இருந்துச்சுடி. எம் பையன் ரமேசு பொறந்தப்ப மாமியார் எங்கேர்ந்தோ வாங்கியாந்து குட்த்தாங்க. அப்பால அந்த நர்சம்மாவே வந்து ஒரு பக்கத்த கிழிச்சினு பூட்டாங்க."

"கிழிச்சினு போனாங்களா? ஏன்?"

"யாருக்குத் தெரியும்? வெயில்ல வேர்த்து ஊத்திகினு வந்து நின்னாங்க. 'அந்த புக்கு கீதா, எடு'ன்னாங்க. எடுத்தாந்தேன். ஒரு தாள சர்ருனு கிழிச்சி பைல போட்டுகினாங்க. உப்பு சக்கரைத் தண்ணி கலக்க சொல்லிக் குட்த்துட்டு, பக்கத்து வூட்டுக்குப் பூட்டாங்க. தெரு முச்சூடும் அப்டித்தான் பண்ணாங்க."

தன் புத்தகத்தைத் தானே கிழித்துக்கொண்டு போன ஓர் ஆசிரியரை நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவுக்கு அவர் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரி தெரிந்திருந்தது. மறுநாளே போனோம். வாசலில் இருந்த வயதான ஆயா, கேட்டவுடன் சொன்னார்: "தனபாக்கியம் சிஸ்டரா? ரிட்டேராயி எவ்ளோ நாளாவுது! வியாசர்பாடி அவுசிங் போர்டு வூட்ல கீறாங்க. போன பொங்கலுக்குக்கூட வந்து என்னப் பாத்துட்டுப் போனாங்க."

மூன்று கடிதங்களும் ஓர் அறிவிப்பும் தேடிக் களைத்த ஆள், ஷேர் ஆட்டோ தூரத்தில் இருந்தார்.

5

மூன்றாவது மாடி. சுவரில் புத்தர் படம், ஜன்னல் ஓரம் ஒரு கட்டில், கீழே மைதானத்திலிருந்து பந்து விளையாடும் சத்தம். எழுபதைத் தாண்டியவர். உயரமாக, நிமிர்ந்த முதுகோடு இருந்தார். தம்பி மகள் வீட்டில் தங்கியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான், அக்கா, நிலா மூவரும் பாயில் உட்கார்ந்தோம். கனடாவிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, நகலை அவர் கையில் கொடுத்தேன்.

அட்டையை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. விரல் நேராக நடுவே போய்ப் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தது. வாசித்தார்.

"இத்து இன்னும் கீதா?"

"எங்க நூலகத்துல பத்திரமா கீது நர்சம்மா. எழுதனவங்க யாருன்னு தெரியாததால பூட்டி வச்சிகீறாங்க. அப்டிப்பட்ட புக்க அநாதைன்னு சொல்லுவாங்க."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அநாதையா?" நிமிர்ந்து பார்த்தார். "நான் கல்லு மாதிரி உசுரோட குந்திகினு கீறேன். என் புக்கு அநாதையா?"

அக்கா சிரித்துவிட்டாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். நான் படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விளக்கினேன். அவர் மறுபடி அதே பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்த எடுத்துட்டுப் போடு. கையெழுத்துப் போடறேன்."

"அப்டி எடுக்க முடியாது நர்சம்மா. புக்கு எப்டி கீதோ அப்டியே வைக்கணும்ன்றது எங்க ரூல்."

"அப்ப போட மாட்டேன். பூட்டியே வை."

அந்த வரியை நான் இன்னொரு முறை வாசித்தேன். வயிற்றுக்கு ஒரு நாள் லீவு விடு. அதற்குக் கீழே, நான் சிரித்துக்கொண்டே தாண்டிப் போன அடுத்த வரி: பாலும் வாணாம், தண்ணியும் வாணாம்.

நிலா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "தப்பு என்றால் அப்புறம் ஏன் எழுதினார்?"

"இன்னா கேக்குது பொண்ணு?" என்றார் நர்சம்மா.

மழுப்பலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே சொன்னேன்.

"சரியாத்தான் கேக்குது" என்று நிலாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அத்தான் கண்ணு. பெரிய டாக்டருங்களும் அத்தான் சொன்னாங்க. பதினஞ்சு வருசம் ஊருக்கெல்லாம் சொன்னேன். அப்பால ஒரு ட்ரெய்னிங்குக்குக் கூப்ட்டாங்க. வயித்தால போனா தண்ணிதான் வோணும், உப்பும் சக்கரையும் கலந்து குடு, பால நிறுத்தவே கூடாதுன்னாங்க. அங்கியே என் புக்குல எழுதனது நெனப்பு வந்துச்சு."

நகலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு மின்ன, காசிமேட்டுல ஒரு பொண்ணு. என் புக்க வரி வரியா படிக்கும். அதும் புள்ளைக்கு ரெண்டு நாள் வயித்தால போச்சு. பொழைக்கல. அத்து இந்தப் பக்கத்தாலயா, இல்ல வேற எதாலயான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பேஜாரு. ட்ரெய்னிங் முடிஞ்ச மறுநாளே வூடு வூடா ஏறி எறங்க ஆரம்பிச்சேன். ஐநூறு புக்கு அச்சடிச்சது. எர்ணாவூர் வரைக்கும் நடந்துகீறேன். எல்லாத்தையும் கிழிச்சிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

நிலாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் நகர்ந்து போய்க் கட்டிலோரம் அவர் காலருகே உட்கார்ந்துகொண்டாள்.

6

வீட்டுக்கு வருகிற வழியில் அக்கா சொன்னாள். "ஆளு கெடைக்கலன்னு எழுதிடேன்டி. அங்க யாருக்குத் தெரியப் போவுது? இவ்ளோ நல்ல புக்கு வெளில வந்தா நல்லதுதானே?"

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு கடிதங்கள் திரும்பி வந்த ஆதாரம் கோப்பில் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் புத்தகம் சட்டப்படியே அநாதை. மறுநாள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் எழுத்துகள் தேய்ந்துபோன தட்டச்சுப் பலகையின் முன்னால் உட்கார்ந்தேன். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்துப் பார்த்தேன். ரொம்ப இயல்பாக, யாரும் சந்தேகப்பட முடியாத மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எர்ணாவூர் வரைக்கும் நடந்த கால்கள்தான் நினைவுக்கு வந்தன. அழித்தேன். நடந்ததை நடந்தபடி நீளமாக எழுதினேன். பாதியில் கரண்ட் போனது. வந்ததும் மறுபடி முதலிலிருந்து எழுதி அனுப்பினேன்.

மார்கரெட்டின் பதில் ஒரே நாளில் வந்தது. "பதினெட்டு வருடமாகப் பதிப்புரிமை வேலையில் இருக்கிறேன். ஓர் ஆசிரியர் உயிருடன் கிடைத்தது இதுதான் முதல் முறை. பக்கத்தை எடுக்க முடியாது. ஆனால் ஆசிரியர் புதிதாக ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கலாமா என்று நூலகக் குழுவிடம் கேட்கிறேன். பொறுங்கள்."

குழுவிடமிருந்து முதலில் கேள்விகள்தான் வந்தன. இவர்தான் அவர் என்பதற்கு ஆதாரம் என்ன? நர்சம்மாவின் ரேஷன் கார்டில் 'தனபாக்யம்', ஓய்வூதியப் புத்தகத்தில் 'தனபாக்கியம்மாள்', நூலில் 'தனபாக்கியம்'. மூவரும் ஒருவரா என்று கேட்டார்கள். கடைசியில் அந்த ஆயாவும் இன்னும் இரண்டு பழைய நர்ஸுகளும் எழுதிக் கொடுத்த சாட்சியை ஸ்கேன் செய்து அனுப்பினேன். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் குழு சம்மதித்தது.

7

அன்று காலையே நிலாவைக் கூட்டிக்கொண்டு வியாசர்பாடிக்கு ஓடினேன். விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நீ போன அன்னிக்கே எழுதிட்டேன். எதுக்குன்னு தெரியாது. சொம்மா இருக்க முடியல."

அதில் இப்படி இருந்தது: 'இன்னாமா, இத்த மொதல்ல படி. பத்தொம்பதாம் பக்கத்துல நான் சொன்னது தப்பு. வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடு, பால் குடு, நிறுத்தவே நிறுத்தாத. புள்ள சோந்து போனா ஆஸ்பத்திரிக்கு ஓடு. எனக்கு அன்னிக்குத் தெரியல. இப்பத் தெரியும். தனபாக்கியம்.'

"இத்த புக்கோட மொதல் பக்கமா போட சொல்றேன்" என்றேன்.

"எல்லாரும் ஒண்ணாம் பக்கத்துலேர்ந்தா படிக்கிறாங்க? ரெண்டு எடத்துலயும் போடு. மொதல்லயும் போடு, அங்கியும் போடு. அப்பத்தான் கையெழுத்து."

சரி என்றேன். குழுவிடம் நான் சண்டை போட்டுக்கொள்ளலாம். படிவத்தை நிரப்ப ஆரம்பித்தோம். 'நூலாசிரியருக்கு உங்களுடன் என்ன உறவு?' என்று ஒரு கட்டம். வாரிசுகள் நிரப்புவதற்காக அச்சிட்டது. வாசித்துக் காட்டினேன்.

"நாந்தான்னு எழுது" என்றார்.

எழுதினேன். கையெழுத்தைக் கட்டத்துக்கு வெளியே நீட்டி, தமிழில், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பிறகு நிலாவின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா கேள்வி கேக்குற. வுடாத" என்றார். நிலா என்னைப் பார்த்து மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

8

புத்தகம் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முகப்பிலும் பத்தொன்பதாம் பக்கத்துக்கு முன்னாலும் நர்சம்மாவின் கையெழுத்தில் அந்த நோட்டுத் தாள் இருக்கிறது. மார்கரெட் படிவத்தில் புதுக் கேள்வியைச் சேர்த்துவிட்டார். மஞ்சள் சீட்டு ஒட்டிய புத்தகங்கள் இன்னமும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. முன்பெல்லாம் அவற்றைத் திறக்க யாரும் இல்லையே என்று கவலைப்படுவேன். இப்போது, அவற்றை எழுதினவர்கள் எங்காவது ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார்களோ என்றும் யோசிக்கிறேன். கடிதம் போட்டுத் திரும்பி வந்தால், அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் விசாரிக்கிறோம். இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

நிலா மாறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். அவள் உலகம் அவளுடைய தோழிகள், ஐஸ் ஹாக்கி, காதில் மாட்டிய பாட்டு. தமிழ்ப் புத்தகம் எதையும் கையில் எடுப்பதில்லை. ஆனால் மாதம் ஒரு முறை தொலைபேசி அட்டை வாங்கி வியாசர்பாடிக்குப் போன் போடும்போது, என் கையிலிருந்து பிடுங்கி, "இன்னா நர்சம்மா, எப்டி கீறீங்க?" என்கிறாள். சனிக்கிழமை வகுப்பு ஆசிரியர், உங்கள் மகளின் தமிழ் கெட்டுப் போகிறது என்று எனக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். பதில் எழுதவேண்டும்.

கேக் வெட்டிய அன்று வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். நர்சம்மா உற்சாகமாக இருந்தார்.

"புச்சா ஒண்ணு எழுதிகினு கீறேன். வயசானவங்கள எப்டிப் பாத்துக்கறதுன்னு. இந்தத் தடவ நாலு டாக்டராண்ட காட்டிட்டுத்தான் அச்சடிக்கப் போறேன்."

"எங்க நூலகத்துக்குக் குடுங்க நர்சம்மா. ஒடனே போட்ருவோம்."

"அதெப்டி ஒடனே போடுவே? அதுக்கு யாராண்ட பர்மிசன் கேக்கணும்?"

"ஒங்களாண்டதான்."

"அப்ப கேளு."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முறைப்படி, அம்மா, உங்கள் நூலை எங்கள் நூலகத்தில் வெளியிட அனுமதி தருவீர்களா என்று கேட்டேன்.

"யோசிச்சி சொல்றேன்" என்றார்.